பிக்யுலெட் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

பிக்யுலெட் (பெயர்ச்சொல்): மரங்கொத்திக் குடும்பத்தின் மிகச் சிறிய பறவைகளுக்கான பொதுப்பெயர். பெரும்பாலானவை தென் அமெரிக்காவில் வாழ்பவை. தமிழில்: சிட்டு மரங்கொத்தி.

அகராதி என்றால் இந்த மூன்று வரியோடு நிறுத்திவிடலாம். ஆனால் 'சின்ன மரங்கொத்தி' என்று சொன்னால் போதாதா, 'சிட்டு' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, பறவையை முதலில் பார்த்தாக வேண்டும்.

அமேசான் ஆற்றுக்குத் தெற்கே பிரேசில், பெரு, பொலிவியா நாடுகளின் மழைக்காடுகளில் ஒரு பிக்யுலெட் இருக்கிறது. மார்பில் குறுக்குக் கோடுகள் ஓடும். நீளம் சுமார் 7.5 செ.மீ. எடை 8 முதல் 10 கிராம், அதாவது நம் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைவிடச் சற்றே அதிகம். உலகின் மரங்கொத்திகளிலேயே மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. அறிவியல் பெயர் பிகும்னஸ் ஆரிஃப்ரான்ஸ். பின்பாதிக்கு 'பொன் நெற்றி' என்று பொருள். ஆண் பறவையின் முன்னந்தலையில் உள்ள மஞ்சள் புள்ளிகளால் வந்த பெயர். இந்த இனத்துக்கு மட்டுமில்லை, தென் அமெரிக்க பிக்யுலெட்டுகள் பெரும்பாலானவற்றில் ஆண் பெண் வித்தியாசம் தலையில்தான் தெரியும். கறுத்த உச்சியில் வெள்ளைப் புள்ளிகள் இரண்டுக்கும் உண்டு. ஆணுக்கு நெற்றிப் பக்கம் சிவப்பு, ஆரஞ்சு அல்லது மஞ்சள் சேர்ந்திருக்கும்.

பொன் நெற்றிக்காரன் பெயர் பெற்ற கதை கொஞ்சம் சுவையானது. ஆஸ்திரியாவின் யோகான் நாட்டெரர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் அலைந்து ஆயிரக்கணக்கான பறவைகளைச் சேகரித்து வியன்னாவுக்கு அனுப்பினார். அவர் திரும்பி வந்து, இறந்தும் போன பிறகு, ஆகஸ்ட் ஃபான் பெல்செல்ன் அந்தச் சேகரிப்பை உட்கார்ந்து ஆராய்ந்தார். ஆரிஃப்ரான்ஸ் என்ற பெயர் அச்சேறியது 1870இல். பறவை அருங்காட்சியகப் பெட்டிக்குள் அத்தனை ஆண்டுகள் பெயரில்லாமல் கிடந்தது.

அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பறவைகளை மற்ற மரங்கொத்திகளிலிருந்து உண்மையில் பிரிப்பது வால்தான்.

சாதாரண மரங்கொத்தியின் வாலில் நடு இறகுகள் விறைப்பாக இருக்கும். செங்குத்தான அடிமரத்தில் இரண்டு காலையும் ஊன்றி, வாலை மூன்றாவது காலாக முட்டுக்கொடுத்து நிற்கும். தலையைப் பின்னுக்கு இழுத்து ஓங்கி அடிக்க அந்த முட்டு வேண்டும். பிக்யுலெட்டுக்கு அது கிடையாது. வால் குட்டை, இறகுகள் மென்மையானவை. தென் அமெரிக்க இனங்களில் கறுப்பு வாலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் நீளவாக்கில் ஓடும். பார்க்க அழகு, முட்டுக்கொடுக்க உதவாது. அதனால் இது பெரிய அடிமரங்களை விட்டுவிட்டு மெல்லிய கிளை, கொடி, மூங்கில் என்று வேலை செய்கிறது. கிளையின் அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கும். குறுக்காக உட்காரும், தத்தும், அடுத்த குச்சிக்குத் தாவும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு சின்னக் குருவி என்றுதான் தோன்றும். பல இனச் சிறு பறவைகள் ஒன்றுசேர்ந்து இரை தேடிப் போகும் கூட்டங்களிலும் இது கலந்துகொள்ளும்.

கொத்துவதை மட்டும் விட்டுவிடவில்லை. குட்டையான கூர் அலகால் பட்டுப்போன சுள்ளியை விடாமல் தட்டித் துளையிட்டு, உள்ளே குடியிருக்கும் எறும்புகளையும் அவற்றின் புழு, கூட்டுப்புழுக்களையும் எடுத்துத் தின்னும். கறையான், சின்ன வண்டுகளின் புழுக்கள் ஆகியவையும் இரைதான். பெரிய மரங்கொத்திகள் திரும்பியும் பார்க்காத சுள்ளிகளில் இதற்குச் சாப்பாடு கிடைக்கிறது. கால்விரல் இரண்டு முன்னும் இரண்டு பின்னும், நீண்டு வெளிவரும் நாக்கு, இதெல்லாம் குடும்பச் சொத்து.

கூடும் அப்படியே. பட்டுப்போன மெல்லிய கிளையிலோ மக்கிய கட்டையிலோ தானே பொந்து குடையும். வாசல் ஒரு சிறிய வட்ட ஓட்டை, பறவை நுழைகிற அளவுக்கு மட்டும். கோஸ்டா ரிக்காவில் பல காலம் வாழ்ந்து பறவைகளின் குடும்ப வாழ்வைப் பதிவு செய்த அலெக்சாண்டர் ஸ்கட்ச், அங்குள்ள ஆலிவ் நிற பிக்யுலெட்டை நெருக்கமாகக் கவனித்தவர். தாய், தந்தை இருவருமே அடைகாக்கிறார்கள். இரவில் இருவரும் பொந்துக்குள்ளேயே தூங்குகிறார்கள். குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகும் இரவானால் பெற்றோரோடு அதே பொந்துக்குத் திரும்பி வருகின்றன. முழுக் குடும்பமும் ஒரு சிறு பொந்துக்குள் படுத்துறங்குவது மரங்கொத்திகளில் அபூர்வம். பல இனங்களில் ஆளுக்கொரு பொந்து என்பதே வழக்கம்.

இனி சொல்லுக்கு வருவோம்.

இலத்தீனில் மரங்கொத்திக்குப் 'பீகுஸ்' என்று பெயர். அதோடு சிறுமையைக் காட்டும் 'உல்' சேர்ந்தது, அப்புறம் அதே வேலையைச் செய்யும் 'எட்' இன்னொன்று சேர்ந்தது. ஆக பிக்யுலெட் என்பது இரண்டு முறை சின்னதாக்கப்பட்ட மரங்கொத்தி. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பறவை நூலோர் உருவாக்கிய சொல் இது, மக்கள் வாயில் பிறந்ததில்லை. மலாய் நாடுகளில் 'பிக்குல்' என்று ஒரு பழைய எடை அளவு உண்டு. அதற்கும் இதற்கும் உறவில்லை. ஒரு பிக்குல் ஏறத்தாழ 60 கிலோ!

பேரினப் பெயரான 'பிகும்னஸ்' இன்னும் பழைய இடத்துக்கு இழுத்துப் போகிறது. லெய்டன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான டச்சுக்காரர் கோன்ராட் யாகோப் டெமிங்க் 1825இல் இந்தப் பெயரை வைத்தார். உரோமர்களின் சிறு தெய்வங்களில் பிலும்னஸ், பிகும்னஸ் என இரண்டு சகோதரர்கள் உண்டு. வீட்டில் குழந்தை பிறந்தால் இவர்களுக்கென்று ஒரு கட்டில் விரித்து வைப்பார்கள். பச்சிளம் குழந்தைக்குக் காவல். பிலும்னஸ் உலக்கையோடு தொடர்புடையவர், பிகும்னஸ் மரங்கொத்தியோடு. வயலுக்கு எரு இடும் பழக்கத்தைக் கண்டுபிடித்தவர் என்றும் பிகும்னஸைச் சொல்வதுண்டு. இலத்தீன் நாட்டு அரசன் பீகுஸை மந்திரக்காரி கிர்க்கே மரங்கொத்தியாக்கிய கதையும் அந்தப் பக்கத்துக் கதைதான். டெமிங்க் இதையெல்லாம் நினைத்துத்தான் வைத்தாரா, ஒலி பிடித்து வைத்தாரா, யார் கண்டது? குழந்தைக் காவல் தெய்வத்தின் பெயர் குடும்பமே ஒன்றாகத் தூங்கும் பறவைக்குப் போய்ச் சேர்ந்தது.

டெமிங்க் பெயர் வைத்தார், அவர் பெயரையும் பறவைக்கு வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் லாஃப்ரெனே 1845இல் ஓர் இனத்தைப் பிகும்னஸ் டெமிங்கியை என்றார். 1862இல் மல்ஹெர்ப் இன்னொன்றுக்கு லாஃப்ரெனேயின் பெயரைச் சூட்டினார். ஐரோப்பாவில் உட்கார்ந்தபடி ஒருவருக்கொருவர் மாலை மாற்றிக்கொண்டது போலத்தான். இந்த வழக்கத்தைவிட எனக்குப் பிடித்தது எமிலி ஸ்னெத்லாகே 1912இல் வைத்த பெயர். ஜெர்மனியில் பிறந்து பெலெம் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றி, பின்பு அதன் இயக்குநராகவும் ஆனவர். அமேசான் தீவுகளிலும் கரைகளிலும் வாழும் இனத்துக்கு அவர் வைத்தது பிகும்னஸ் வார்சியே. 'வார்சியா' என்றால் ஆண்டுதோறும் ஆற்று வெள்ளம் ஏறும் காடு, அந்த ஊர்ச் சொல். பறவை எங்கே இருக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இந்தப் பறவையோடு ஒரே ஊரில் வாழ்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? பிரேசிலின் போர்ச்சுகீசில் மரங்கொத்தி 'பிக்கா-பாவு'. பிக்கா என்றால் கொத்துவது, பாவு என்றால் மரம். அப்படியே நம் மரங்கொத்தி! பிக்யுலெட் அங்கே குள்ள பிக்கா-பாவு. ஸ்பானிய மொழியில் மரங்கொத்தி 'கார்ப்பின்டெரோ', தச்சன். பிக்யுலெட் 'கார்ப்பின்டெரிட்டோ', குட்டித் தச்சன். ஜெர்மன் மொழியிலும் குள்ள மரங்கொத்திதான்.

அப்படியென்றால் தமிழிலும் குள்ள மரங்கொத்தி என்று வைத்துவிடலாமே? சிக்கல் இந்தியாவிலேயே இருக்கிறது. பிக்மி மரங்கொத்தி என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் பழுப்புத்தலைப் பறவை நம் ஊர்க்காரர். விறைத்த வால் கொண்ட முழு மரங்கொத்தி அது. குள்ளம், குட்டை இரண்டும் இயல்பாக அதற்குத்தான் போகும். 'சிறு மரங்கொத்தி', 'சின்ன மரங்கொத்தி' என்றால், ஒரே இனத்தில் சிறியது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். தனி வகை என்பது தெரியாது. 'குறு' நல்ல முன்னொட்டு, குறுநரி, குறுமுயல் என்று பழக்கமும் உண்டு. ஆனாலும் அதுவும் அளவை மட்டும்தான் சொல்கிறது. குட்டி மரங்கொத்தி? குஞ்சு என்று நினைத்துவிடுவார்கள்.

'சிட்டு' வேறு மாதிரி. சிட்டுக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு என்று நாம் சிட்டு போட்டு அழைப்பவை சிறியவை மட்டுமில்லை; கிளைக்குக் கிளை தத்தித் தாவித் திரிபவை. 'சிட்டாய்ப் பறந்துவிட்டான்' என்னும்போது உயரத்தையா சொல்கிறோம்? பிக்யுலெட்டின் அளவும் நடத்தையும் இந்த ஒரு சொல்லில் சேர்ந்து வந்துவிடுகின்றன. மரங்கொத்தி என்ற தலைச்சொல் கடைசியில் நிற்பதால் குடும்பமும் மாறாது. 'கொத்திச்சிட்டு' என்று திருப்பிப் போட்டால் காதுக்கு இனிமைதான், ஆனால் சிட்டு வகை என்றாகிவிடும். வேண்டாம்.

இதை வைத்து இனப்பெயர்கள் கட்டுவதும் எளிது. ஆரிஃப்ரான்ஸை வரிமார்புச் சிட்டு மரங்கொத்தி என்கலாம். பிரேசிலின் தென்கிழக்கில் காட்டோரங்களிலும் தோட்டங்களிலும் காணக்கூடிய சிர்ராட்டஸை வெண்வரிச் சிட்டு மரங்கொத்தி என்கலாம். ஸ்னெத்லாகேயின் பறவைக்கு வார்சியா சிட்டு மரங்கொத்தி போதும், அந்த ஊர்ச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் சுமார் 25 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில, எல்லைகள் சந்திக்கும் இடங்களில் ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிப்பதால், எது தனி இனம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சச்சரவு. பெயர் வைப்பவர் கொஞ்சம் பொறுமையாக இருப்பது நல்லது.

நம் பக்கத்திலும் ஒரு சிட்டு மரங்கொத்தி உண்டு. இமயமலை அடிவாரம், மேற்குத் தொடர்ச்சி மலை, தென்கிழக்கு ஆசியா என்று பரவியிருக்கிறது. வெள்ளை வயிற்றில் கரும்புள்ளிகள். மூங்கிலைத் தட்டி அது எழுப்பும் ஓசை அதன் உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பலமானது. 1836இல் பர்ட்டன் அதற்கு வைத்த பெயர் பிகும்னஸ் இன்னாமினேட்டஸ். 'பெயரில்லாதது' என்று பொருள். பெயர் வைக்கிறேன் என்று வந்து பெயரில்லாதது என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! புள்ளிச் சிட்டு மரங்கொத்தி என்பது அதற்குப் பொருந்தும்.

கடைசியாக ஒரு சிக்கலான இனம். கரீபியனின் ஹிஸ்பானியோலா தீவில், ஹெயிட்டியிலும் டொமினிக்கன் குடியரசிலும், நெசோக்டைட்டீஸ் மைக்ரோமெகாஸ் என்றொரு பிக்யுலெட் வாழ்கிறது. மைக்ரோ சிறியது, மெகா பெரியது, இரண்டும் ஒரே பெயரில். காரணம் இருக்கிறது. மரங்கொத்தியாகப் பார்த்தால் சிறியது, பிக்யுலெட்டாகப் பார்த்தால் ராட்சசன், சுமார் 30 கிராம். தென் அமெரிக்க இனங்களுக்கு இது நெருங்கிய உறவும் இல்லை, தனிக்கிளை. அளவை வைத்துப் பெயர் கட்டியிருந்தால் குறு, குள்ளம், குட்டி எல்லாமே இங்கே தடுமாறியிருக்கும். ஆனால் இதற்கும் வால் மென்மையானதுதான். அடிமரத்தில் ஏறுவது குறைவு, இலைகளுக்கும் கொடிகளுக்கும் நடுவே சிறு குருவிகளைப் போலவே தாவித் திரிந்து பூச்சியும் பழமும் தின்கிறது. ஹிஸ்பானியோலா சிட்டு மரங்கொத்தி என்று தயங்காமல் எழுதலாம்.