அமெச்சூர்: ஆர்வலரா, தொழில்முறை சாராதவரா?

விளையாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதுவோருக்கு 'அமெச்சூர்', 'தொழில்முறை' என்னும் இரட்டைச் சொற்கள் அடிக்கடி வந்து வாய்க்கின்றன. பின்னதற்குத் தமிழ் நிலைத்துவிட்டது; முன்னதற்கு இன்னும் நிலைக்கவில்லை. 'பயில்முறை', 'கற்றுக்குட்டி', 'ஆர்வலர்', 'பொழுதுபோக்கு வீரர்' என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள்; பலர் ஒலிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தத் தடுமாற்றத்துக்குத் தமிழின் வறுமை காரணமன்று. மூலச் சொல்லே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பொருள் மாறிக்கொண்டிருந்தது என்பதே காரணம்.

இலத்தீனில் நேசிப்பவரைக் குறித்த 'அமாத்தோர்' என்னும் சொல் பிரெஞ்சு வழியாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ஓவியம், இசை முதலியவற்றை விரும்பி ஈடுபடுபவரைக் குறித்தது. அன்பு செய்பவர் என்ற இந்த அடிப்படைப் பொருளுக்கு நம்மிடம் மிகப் பழைய நிகர்ச்சொல் ஒன்று உண்டு. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் வரும் 'ஆர்வலர்' அன்புடையவரையே சுட்டுகிறது. வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால், இன்றைய வழக்கில் 'விளையாட்டு ஆர்வலர்' என்றால் மைதானத்தில் ஓடுபவரை அல்ல, எல்லைக்கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பவரையே வாசகர் நினைப்பார். 'தன்னார்வலர்' என்று திருத்தினாலோ, போட்டியில் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து கொடுப்பவர் ஆகிவிடுகிறார்.

தொழில்முறை என்று நாம் பெயர்க்கும் ஆங்கிலச் சொல்லின் பின்னணியில் ஊதியமே இல்லை. அதன் இலத்தீன் வேருக்கு, பலரறிய அறிவித்தல் என்பது பொருள். துறவியர் சபையில் சேர்பவர் எடுக்கும் உறுதிமொழியை முதலில் குறித்து, பின்னர் சமயம், சட்டம், மருத்துவம் ஆகிய கற்றோர் துறைகளைக் குறிக்கலாயிற்று. இலங்கைத் தமிழில் இதற்கு 'தொழில் வல்லுநர்' என்றும், கல்வித் துறையில் 'வாண்மை' என்றும் வழங்குகிறோம். ஆசிரியரின் வாண்மை விருத்தி என்று எழுதாத சுற்றறிக்கையே இல்லை எனலாம். விளையாட்டில் மட்டும் 'தொழில்முறை' என்பது வேரூன்றியுள்ளது. புணர்ச்சி விதியைப் போற்றுவோர் 'தொழின்முறை' என்று எழுதுவர். ஒரு வைத்தியருக்கு மதிப்பளித்த சொல் ஓட்டக்காரருக்கு இழுக்காக எப்படி மாறியது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

விடை விக்டோரியா கால இங்கிலாந்தின் விதிப்புத்தகங்களில் இருக்கிறது. 1860களில் இலண்டனில் அமைந்த அமெச்சூர் மெய்வல்லுநர் (தடகளக்) கழகத்தின் விதியும், 1879இல் ஹென்லி படகோட்டப் போட்டிக்கு வகுக்கப்பட்ட விதியும், பணத்துக்காகப் போட்டியிட்டவர்களை விலக்கியதோடு நில்லாமல், பொறித் தொழிலாளி, கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரையும் அமெச்சூர் அல்லாதவர் என்று ஒதுக்கின. அவர் விளையாடி ஒரு சதமும் பெறாதவராக இருக்கலாம். உடலுழைப்பால் பிழைக்கிறார் என்பதே அவரை விலக்கப் போதுமாயிற்று. 1880இல் தோன்றிய இங்கிலாந்தின் மெய்வல்லுநர் சங்கம் இந்தத் தொழிலாளர் விலக்கைக் கைவிட்டது; படகோட்டத்தில் அது அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் வாசகருக்கு இந்த விதியை விளக்க வேண்டிய தேவை குறைவு. அங்கே ரதல்லையிலும் தரவளையிலும் தோட்டத் துரைமார் தம் கழகங்களுக்கென்று அமைத்த மைதானங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் ஹென்லி விதியின் கண்ணில், ஓடத் தொடங்குவதற்கு முன்பே அமெச்சூர் தகுதியை இழந்தவர்கள். தமிழில் 'தொழிலாளி', 'தொழில்முறை வீரர்' ஆகிய இரண்டும் ஒரே அடிச்சொல்லில் பிறந்திருப்பது தற்செயல்தான் என்றாலும், அந்த விதியை எழுதியவர்களின் மனத்தை இதைவிடத் தெளிவாக எந்த மொழியும் காட்டியிருக்காது.

பணத்தைப் பற்றிய விதிகூட எல்லோரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. போட்டிக்குச் செல்லும் நாளில் சம்பளம் போனால் அதை ஈடுசெய்வது ஊதியமாகுமா என்ற வினா இங்கிலாந்தின் வடபகுதி ரக்பிக் கழகங்களில் எழுந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த வீரர்களுக்கு இழந்த நேரத்துக்கான ஈட்டுத்தொகை தரத் தென்பகுதியினர் இணங்காததால், 1895இல் 20க்கும் மேற்பட்ட கழகங்கள் பிரிந்து சென்றன. அந்தப் பிரிவிலிருந்தே இன்றைய 'ரக்பி லீக்' பிறந்தது. அந்த ஈட்டுத்தொகையைக் குறிக்கும் 'புரோக்கன் டைம்' என்ற ஆங்கிலத் தொடரைப் பெயர்க்க அகராதி தேட வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பதிவாவது ஒரு 'பேர்'. பாதி வேலைக்கு அரைப் பேர். மாவட்ட மெய்வல்லுநர் போட்டிக்காக ஹட்டன் டன்பார் மைதானத்துக்குப் போகும் இளைஞனுக்கு அன்றைய பேர் விழாது. 'பேர் இழப்புக்கான ஈடு' என்று எழுதினால், தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்த வழக்கின் நியாயம் முழுவதும் விளங்கிவிடும்.

நவீன ஒலிம்பிக்குக்கு வழிவகுத்த 1894ஆம் ஆண்டின் பாரிஸ் மாநாட்டு நிகழ்ச்சி நிரலிலேயே அமெச்சூர் பற்றிய விவாதம் இடம்பெற்றிருந்தது. அதற்குப் பின் வந்த தண்டனைகளுள் பெரிதும் பேசப்படுவது ஜிம் தோர்ப்பின் கதை. அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த அவர் 1912இல் ஸ்டொக்ஹோமில் ஐந்நிகழ்வு, பத்து நிகழ்வு ஆகிய இரு போட்டிகளிலும் தங்கம் வென்றார். 1909, 1910ஆம் ஆண்டுகளில் சிறிய லீக் ஒன்றில் பேஸ்போல் ஆடிச் சொற்பப் பணம் பெற்றிருந்ததற்காக 1913இல் அவை பறிக்கப்பட்டன. அக்காலக் கல்லூரி மாணவர் பலரும் புனைபெயரில் அவ்வாறு ஆடினர். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். 1982இல் அவர் இணை வெற்றியாளராகவும், 2022இல் தனி வெற்றியாளராகவும் மீள ஏற்கப்பட்டார். அவர் 1953இலேயே இறந்துவிட்டார்.

தோர்ப்பின் கதை பணத்தைப் பற்றியது என்றாவது சொல்லலாம். 1948ஆம் ஆண்டின் இலண்டன் ஒலிம்பிக்கில் நடந்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. குதிரைப் பயிற்றுக்கலை (டிரெஸாஜ்) போட்டி அப்போது இராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. அதிகாரி 'கனவான்' என்பதால் அமெச்சூர், சார்ஜன்ட் சம்பளத்துக்குக் குதிரையோடு வேலை செய்பவர் என்பதால் தொழில்முறையாளர். சுவீடன் தன் சார்ஜன்ட் கெனல் பெர்சனைத் தற்காலிகமாக லெப்டினன்டாக உயர்த்தி அணியில் சேர்த்துக் குழுத் தங்கத்தை வென்றது. போட்டி முடிந்ததும் அவர் பழைய பதவிக்கு இறக்கப்பட்ட செய்தி வெளிவர, 1949இல் பதக்கம் பறிபோனது. விதி மாற்றப்பட்ட 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் அதே பெர்சனோடு சுவீடன் மீண்டும் தங்கம் வென்றது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு அங்கே 'தோள்பட்டையில் நட்சத்திரம் உடையவர்' என்றுதான் பொருள் எழுத வேண்டும். கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமாக வெள்ளியைப் பெற்றுத் தந்ததும் இதே 1948ஆம் ஆண்டு விழாவில்தான்.

பிற்காலத்தில், சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டு நாடுகளும் வீரர்களுக்கு இராணுவத்திலும் ஆலைகளிலும் பதவியளித்து முழுநேரமும் பயிற்சி கொடுத்தபோது, விதியின் எழுத்து காக்கப்பட்டு அதன் பொருள் மறைந்தது. 1970கள் தொடங்கி ஒலிம்பிக் சாசனம் படிப்படியாகத் தளர்ந்தது. யாரை ஏற்பது என்பது பின்னர் அந்தந்த விளையாட்டின் சர்வதேச சம்மேளனத்திடம் விடப்பட்டது. 1988இல் சியோலில் தொழில்முறை டென்னிஸ் வீரர்களும், 1992இல் பார்சிலோனாவில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணியும் களமிறங்கிய பின் பழைய பிரிவினைக்கு உயிரில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸில் மெய்வல்லுநர் போட்டிகளில் தங்கம் வென்றோருக்கு உலகச் சம்மேளனமே 50,000 டொலர் வழங்கியது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, எந்த விதியும் அமெச்சூரை 'நேசிப்பவர்' என்று வரையறுக்கவில்லை என்பது தெரிகிறது. பணம் பெறாதவர், பயிற்றுவிப்பை வேலையாகக் கொள்ளாதவர், கூலிக்காரர் அல்லாதவர் என்று எதிர்மறையாகவே வரையறுத்தன. ஆகவே 'தொழில்முறை சாராத வீரர்' என்ற எதிர்மறைத் தொடர், கேட்க அழகில்லாவிட்டாலும், சொல்லின் உண்மையான பயன்பாட்டுக்கு 'ஆர்வலர்' என்பதைவிட நெருக்கமானது. 'பயில்முறை' நாடகக் குழுக்களுக்குப் பொருந்தும். விளையாட்டில் அது பயிற்சி நிலையில் உள்ளவர் என்ற தோற்றத்தைத் தரும். தோர்ப்பை எவரும் பயிலுநர் என்று சொல்லமாட்டார்கள். 'கற்றுக்குட்டி' ஏளனச் சொல். அதைச் செய்தியில் எழுதுவது தவறு என்றே கருதுகிறேன்.

பழைய விதிகளையும் வழக்குகளையும் பேசும்போது 'அமெச்சூர்' என்ற வடிவையே வைத்துக்கொள்வது நேர்மையானது. காலத்துக்குக் காலம் பொருள் மாறிய ஒரு சட்டச்சொல்லை ஒரே தமிழ்ச்சொல்லில் அடைத்தால் வரலாறு பிழையாகும். நிறுவனப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். 1912இல் தோன்றிய சர்வதேச அமெச்சூர் மெய்வல்லுநர் சம்மேளனம் 2001இல் பெயரிலிருந்து அமெச்சூரை நீக்கியது; சுருக்கப் பெயரின் எழுத்துகள் மாறாமல் இருந்ததால், அதற்குப் பிந்திய செய்திகளிலும் பழைய பெயரை எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

குத்துச்சண்டையில் மட்டும் இந்தச் சொல் வேறொரு பொருளில் வாழ்கிறது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களும் அனுமதிக்கப்பட்டனர். ஆயினும், மூன்று சுற்றுகளில் முடியும் அந்தப் போட்டி வகையை இன்றும் அமெச்சூர் குத்துச்சண்டை என்றே அழைக்கிறார்கள். அங்கே சொல் குறிப்பது ஆடுபவரின் வருமானத்தை அன்று, ஆட்டத்தின் முறையை. அதனால் அவ்விடத்தில் 'தொழில்முறை சாராத' என்று பெயர்ப்பதும் பிழையாகும். 'ஒலிம்பிக் முறைக் குத்துச்சண்டை' என்று எழுதலாம்.