சனசமூக வானொலி என்றே சொல்லுவோம்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு பயிற்சிப் பட்டறை. வாசலில் பதாகை: “இலாபமற்ற சமூக வானொலி நிலையத்தை ஆரம்பித்தல்”. ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி ரேடியோ’ என்பது, ஊர்ச்சனமே சொந்தமாக வைத்து நடத்தும் வானொலி. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி எழும்பிக் கேட்டார், “சேர், இலாபமில்லாட்டி நட்டத்திலயா நடத்துறது? கரண்ட் பில்லை யார் கட்டுறது?” சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி வாசித்ததைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டார், பிழை பதாகையில்.

‘அற்ற’ என்றால் இல்லாத. பயனற்ற, நாதியற்ற, உயிரற்ற என்ற வரிசையில் இலாபமற்ற என்று போட்டால் கையைக் கடிக்கிற தொழில் என்றுதான் அர்த்தம் வரும். சொல்ல வந்தது அதுவல்ல. வானொலிக்குக் காசு வரலாம், மிஞ்சவும் செய்யலாம், அந்த மிச்சத்தை யாரும் பங்கு போட்டு எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்தியாவின் 2006ஆம் ஆண்டு விதிகளே இத்தகைய வானொலிகளுக்கு மணிக்கு 5 நிமிட விளம்பரத்தை அனுமதித்தன. ஆகவே ‘இலாப நோக்கற்ற’ என்று எழுதுங்கள், ஒரு சொல் கூடினால் பரவாயில்லை. சட்டப் பத்திரம் என்றால் ‘இலாபம் பகிராத’ இன்னும் துல்லியம்.

சரி, பெரிய பிரச்சினை அடுத்த சொல்லில், ‘சமூக’ என்பதில் இருக்கிறது. வானொலி என்பது வான் + ஒலி, அதில் சண்டை இல்லை. கம்யூனிட்டி என்பது ‘பொது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பலருக்கும் பொதுவாக உரியது என்பது அதன் வேர். நமது சமூகம் வடமொழி ‘சமூஹ’, அதாவது கூட்டம், திரள். திரளுக்கும் உரிமைக்கும் சம்பந்தம் இல்லை. அதோடு இந்த ஒரு சொல்லின் தலையில் எவ்வளவு சுமை! சமூக ஊடகம், சமூக சேவைகள் திணைக்களம், சமூகக் கல்வி, முஸ்லிம் சமூகம், மலையகச் சமூகம், போதாததற்குக் கூட்டத்துக்குச் சமூகமளிக்கவும். இதற்கு நடுவில் ‘சமூக வானொலி’ என்றால் கேட்பவர் எதை நினைப்பார்? டெங்கு வருகிறது, வாளித் தண்ணீரைக் கவிழ்த்து வையுங்கள் என்று நமக்குப் புத்தி சொல்லும் சமூக சேவை வானொலி என்றுதான் நினைப்பார். சனம் கேட்கிற வானொலிக்கும் சனத்துக்குச் சொந்தமான வானொலிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே அழிந்துபோகிறது. நம் நாட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1981இல் மகாவலி கங்கைத் திட்டக் குடியேற்றங்களுக்கு வானொலி வந்தது, 1989இல் கொத்மலையில் வந்தது, ஊர்ச்சனத்தின் குரல் ஒலித்தது உண்மை, ஆனால் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையில்தான் இருந்தது. பெயர் ‘சமூக’ என்று இருந்ததால் அது யாருடையது என்ற கேள்வியே பலருக்கு எழவில்லை.

தமிழ்நாட்டார் ‘சமுதாய வானொலி’ என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு, தஞ்சாவூர்ப் பக்கத்தில் நிலத்தை ஊராகப் பொதுவில் வைத்திருந்த முறைக்குச் சமுதாயம் என்றுதான் பெயர். ஆனால் அந்த அர்த்தம் இன்று யார் காதிலும் விழுவதில்லை. தனித்தமிழ் நண்பர்கள் ‘குமுகாய வானொலி’ என்பார்கள். அவர்களுடைய பற்றை மதிக்கிறேன், எனக்கும் வடமொழி குறைந்தால் சந்தோஷம்தான், ஆனால் ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல் தேவைப்பட்டால் அது விண்ணப்பப் படிவத்தில் நிற்காது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். ஊரார் சேர்ந்து நடத்தும் வாசிகசாலையான சனசமூக நிலையம் நம்முடையதுதானே! அந்தப் பெயரையே வானொலிக்கும் வைக்கலாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்ததில் ஒரு நீள மேசை, நாலு பத்திரிகை, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல். பத்திரிகைக் காசு சந்தாவில் வந்தது. ஒரு வருடம் காசு மிஞ்சியது, பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி, மாரிக்கு முன் கூரை ஓடு மாற்றினார்கள். நிருவாக சபையில் இருந்த ஒருவரும் ஒரு சதம் எடுக்கவில்லை. ஊருடைமை, நிருவாகத் தெரிவு, இலாபம் பகிராமை என்று பட்டறையில் மூன்று மணித்தியாலம் விளக்கியதெல்லாம் அந்த மேசையடியில் கிடந்தது. ‘சனம்’ வடமொழிதான், ஆனாலும் “சனம் என்ன சொல்லும்” என்று தினமும் பேசுகிற சொல். அது முன்னால் வந்து நின்றாலே, இது யாருடையது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். ஆங்கிலத்தையோ சிங்களத்தையோ பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் நிரப்புகிறார்கள், எழுதியதை ஒருவருக்கு வாசித்துக் காட்டி “என்ன விளங்கிச்சு?” என்று கேட்பதில்லை. நான் கேட்டேன். தேநீர் இடைவேளையில் அந்தத் தம்பியிடம் “சனசமூக வானொலி என்றால்?” என்றேன். “எங்கட லைப்ரரி மாதிரி, ரேடியோ. கமிட்டி போடோணும்” என்றார். பதாகையை எழுதியவர் பக்கத்தில்தான் நின்றார், அடுத்த பட்டறைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.