பள்ளிக்குப் போக முடியாத பிள்ளையிடம் முதலில் எதைக் கேட்பது?

காலையில் வயிற்றுவலி, பள்ளி நேரம் தாண்டியதும் சரியாகிவிடும், விடுமுறை நாளில் எட்டிக்கூடப் பார்க்காது. இதைச் சொல்லும் பெற்றோர் பலர் அடுத்த மூச்சிலேயே "நடிக்கிறான்" என்பார்கள். நடிப்பு இல்லை. பதற்றத்தில் உடம்பு ஆபத்தைச் சந்திக்கத் தயாராகும்போது குமட்டல், படபடப்பு, தலைவலி எல்லாம் நிஜமாகவே வரும். ஆனாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, உடல்நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வகுப்பை கட் அடித்துவிட்டு ஊர் சுற்றும் பிள்ளை அதை வீட்டில் மறைக்கும். இந்தப் பிள்ளைகள் அப்படியில்லை, இரவே சீருடையை எடுத்து வைத்துவிட்டு, காலையில் வாசலைத் தாண்ட முடியாமல் பெற்றோர் கண்முன்னே அழுதுகொண்டு நிற்பார்கள்.

"எப்போது திரும்பப் போவான்?" என்றுதான் என்னிடம் ஆலோசனைக்கு வரும் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பதால் இந்தப் பிள்ளை எதிலிருந்து தப்பிக்கிறது என்பது தெரியாமல் நான் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கியர்னி, சில்வர்மன் என்ற உளவியலாளர்கள் 1990இல் நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: பள்ளியில் எழும் பதற்றத்தைத் தவிர்ப்பது, தேர்வு அல்லது சக மாணவர்கள் முன் நிற்பதிலிருந்து விலகுவது, பெற்றோரின் அருகாமையைத் தேடுவது, பள்ளிக்கு வெளியே கிடைக்கும் சுவாரசியங்களை நாடுவது. ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும்.

"ஏன் போகவில்லை?" என்று நேராகக் கேட்டால் "தெரியல" என்றுதான் பதில் வரும், பல நேரம் உண்மையிலேயே தெரியாது. அதனால் பள்ளியின் வரைபடத்தை வரையச் சொல்லி, பயமில்லாத இடத்துக்குப் பச்சை, தாங்க முடியாத இடத்துக்குச் சிவப்பு என்று நிறம் தீட்டச் சொல்வோம். வகுப்பறை பச்சையாக இருக்கும், கழிப்பறையோ உணவு இடைவேளையோ சிவப்பாக இருக்கும். அங்கிருந்துதான் பேச்சே தொடங்கும்.

"சரியாகும்வரை வீட்டிலேயே இருக்கட்டும்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. போகாமல் இருந்ததும் கிடைக்கும் நிம்மதிதான் மறுநாள் பயத்தை இன்னும் பெரிதாக்குகிறது. அதற்காகத் தரதரவென்று இழுத்துப் போவதா? அதுவும் வேண்டாம். சீருடை போடுவது, பள்ளி வாசல் வரை போவது, நூலகத்தில் கொஞ்ச நேரம், பிடித்த ஒரு பாடவேளை என்று படிகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுகிறோம், வரிசையைப் பிள்ளையே சொல்லும். ஒரு படியில் பதற்றம் குறைந்த பிறகுதான் அடுத்தது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சக மாணவர்கள் துன்புறுத்துவதுதான் காரணம் என்றால், அதை நிறுத்தாமல் பிள்ளைக்குத் தைரியம் மட்டும் கற்றுக்கொடுப்பது அநியாயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தமும் கூட்டமுமே தாங்க முடியாமல் போகலாம், அங்கேயும் மாற வேண்டியது பள்ளிதான். ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: திரும்பி வரும் அன்று எல்லோர் முன்னாலும் "இத்தனை நாள் எங்கே?" என்று கேட்காதீர்கள், பதற்றம் ஏறினால் போய் உட்கார ஓர் இடமும் பேச ஒரு பெரியவரும் இருக்கட்டும்.

நீண்ட விடுமுறைக்குப் பின் மறுபடி சறுக்கலாம், அதையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிள்ளை வாழப் பிடிக்கவில்லை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ பேசினால், பள்ளியை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.