குண்டுமணியா, குன்றிமணியா?

யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலிகளில், காய்ந்து வெடித்த கோதுகளுக்குள் செக்கச்செவேலென்று தெரியும் விதையைக் குண்டுமணி என்றே சொல்லி வளர்ந்தோம். உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றை ஒண்டு என்கிறோம், மூன்றை மூண்டு என்கிறோம். வாழைக்கன்று நம் வாயில் வாழைக்கண்டு. அதே தடத்தில்தான் குன்றிமணியின் றகரமும் டகரமாகியிருக்க வேண்டும். குண்டு என்ற சொல் முன்பே பழகியிருந்ததால், இகரமும் உகரமாகத் திரிந்து நிலைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

பழைய பெயர் குன்றி. கொடிக்கும் விதைக்கும் அதுவே பெயர்; 'மணி' பின்னால் ஒட்டியது. குறுந்தொகையின் கடவுள் வாழ்த்து முருகனின் செவ்வாடையைக் 'குன்றி ஏய்க்கும் உடுக்கை' என்கிறது. வள்ளுவர் கருமையையும் விடவில்லை. புறத்தே குன்றிபோலச் செம்மையாகத் தோன்றினாலும் அகத்தே 'குன்றி மூக்கின்' கரியவர்கள் உண்டு என்கிறது 277ஆம் குறள். விதை காயோடு ஒட்டியிருந்த இடத்துக் கறுப்பை மூக்கு என்று கண்ட கண் எத்தனை கூர்மையானது! வடமொழியில் இது குஞ்சா, சிங்களத்தில் ஒலிந்த.

குன்றி அவரைக் குடும்பத்துக் கொடி. பற்றுக்கம்பி கிடையாது, மெல்லிய தண்டே முறுக்கிக்கொண்டு வேலியிலும் பற்றையிலும் ஏறும். வறண்ட நிலம் அதற்குப் போதும். புளியிலைபோல இரு வரிசைச் சிற்றிலைகள், வெளிர் ஊதாப் பூங்கொத்து, 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளக் காய்கள். வெடித்த பிறகும் விதைகள் உதிராமல் கோதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இலை இனிக்கும், விதையிலோ அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தடித்த தோல் உடையாதவரை அது உள்ளேயே அடங்கிக் கிடக்கும். மென்றாலோ, மாலை கோக்கத் துளையிட்டாலோ வெளிவரும். குழந்தை விழுங்கிவிட்டால் ஒரு கணமும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மஞ்சாடியையும் சிலர் குண்டுமணி என்கிறார்கள். அது மரம்; விதை முழுதும் சிவப்பு, மூக்கில் கறுப்பு இல்லை. பொற்கொல்லர் கணக்கில் 2 குன்றிமணி 1 மஞ்சாடி. 'வீட்டில் குண்டுமணிப் பொன்னும் இல்லை' என்று அம்மம்மாமார் சொன்னது ஒரு குன்றிமணியின் எடையைத்தான்: ஏறத்தாழ 0.12 கிராம்.