மூன்று சர்வர் இருந்தால் பேக்கப் எதற்கு?

"எங்கள் நிறுவனத்தின் தரவு மூன்று சர்வர்களில் ஒரே நேரத்தில் பதிவாகிறது. ஒன்று போனாலும் இரண்டு இருக்கும். அப்புறம் தனியாக பேக்கப் எதற்கு?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்திடம் மூன்றல்ல, சுமார் 150 இருந்தன. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருந்த அந்த சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகல். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற மால்வேர், உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் புகுந்து அவற்றைத் துடைத்தெறிந்தது. கானாவில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதலுக்கு முன்பே அங்கே கரண்ட் போயிருந்தது! இதை அதிசயம் என்பவர்கள் உண்டு. நெட்வொர்க்கில் இல்லாததை நெட்வொர்க் வழியே அழிக்க முடியாது, அவ்வளவுதான்.

உடனுக்குடன் நகலெடுக்கும் சர்வர், நல்லதைப் போலவே கெட்டதையும் நகலெடுக்கும். ஒரு கோப்பு கெட்டால் அடுத்த நொடி மூன்றிலும் கெட்டிருக்கும். பேக்கப் என்றால் நேற்றும் போன மாதமும் எப்படி இருந்ததோ அப்படியே கிடைக்க வேண்டும்.

சரி, 1 டெராபைட் தரவை 90 நாளுக்கு வைக்க 90 டெராபைட் வேண்டாமா? வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஷா-256 என்ற கணக்கில் போட்டால் 64 எழுத்துள்ள ஒரு கைரேகை வரும். துண்டில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். அந்த ரேகையையே துண்டுக்குப் பெயராக வைத்துவிட்டால், ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி சேமிக்க வேண்டியதில்லை. ஒரு நாளின் பேக்கப் என்பது வெறும் ரேகைப் பட்டியல். தினமும் ஒரு சதவீதம் மாறினால் 90 நாளுக்கும் சேர்த்து 2 டெராபைட்கூட ஆகாது.

ஆனால் கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் செருகினால்? எல்லாம் ஓரிடம் தள்ளிப் போகும், சம அளவில் வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் மாறிவிடும். இதற்கு அழகான தீர்வு, எங்கே வெட்டுவது என்பதைத் தரவிடமே விட்டுவிடுவது. ஒரு சிறிய ஜன்னலைக் கோப்பின் மேல் நகர்த்திக்கொண்டே போய், உள்ளே தெரியும் பைட்டுகளுக்கு ஒரு கணக்குப் போட வேண்டும். விடையின் கடைசி 13 பிட்டும் பூஜ்யமாக வரும் இடத்தில் வெட்டு. சராசரியாக 8,192 பைட்டுக்கு ஒருமுறை அது நடக்கும். எழுத்தைச் செருகிய துண்டு மட்டும் மாறும். அதைத் தாண்டியதும் பழைய வெட்டுகள் அதே இடத்தில் விழும்.

இதில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை மணியும் கிடைக்கிறது. ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர், பூட்டிய கோப்பில் பழைய துண்டு எதுவும் பொருந்தாது. தினமும் 10 ஜிபி வளர்ந்த பேக்கப் ஒரே இரவில் பல நூறு ஜிபி வளர்ந்தால் யாரையாவது எழுப்ப வேண்டிய நேரம்.

தாக்குபவர்கள் பல நேரம் முதலில் தேடி அழிப்பதே பேக்கப்பைத்தான். ஆகவே குறித்த நாள்வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாதபடி ஒரு நகல், இணைப்பே இல்லாமல் ஒரு நகல். மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் போடுவதைச் சொல்லவே வேண்டாம்: நாட்பெட்யா பரவிய வழிகளில் ஒன்றை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

புதிய பாதுகாப்பு மென்பொருள் வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், பேக்கப்பை மீட்டுப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவதில்லை. எனக்கு இது எரிச்சலாகவே இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராமர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்தபோது, ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்துத் தரவின் நகல்) மிஞ்சியது.

எனவே வாசகரே, ஏதாவது ஒரு பழைய தேதியைத் தேர்ந்தெடுத்து, காலியான ஒரு கணினியில் அந்த நாளின் தரவை மீட்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை மணி நேரம் உங்கள் தொழில் நின்றால் தாங்குமா என்பதை அப்புறம் பேசலாம்.