கேலக்டிகாவில் ஏன் சுருள் கம்பித் தொலைபேசி?

'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி, சண்டை தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. 2003-ல் வெளியான அதன் தொடக்கப் பகுதியில், அருங்காட்சியகமாக மாறப்போகும் கேலக்டிகா என்ற பழைய விண்வெளிப் போர்க்கப்பலுக்குக் கல்வி அமைச்சர் லாரா ரோஸ்லின் வருகிறார். ஆசிரியர்களுக்கு வசதியாகக் கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கலாமே என்று கேட்கிறார். தளபதி அடாமா ஒரேயடியாக மறுத்துவிடுகிறார். அந்தக் கப்பலுக்குள் பேசுவதற்குக்கூடச் சுருள் கம்பி போட்ட தொலைபேசிதான்.

அப்புறம் சைலான்கள் என்ற இயந்திரங்கள் தாக்குகின்றன. படையின் வழிகாட்டு மென்பொருளில் ஏற்கெனவே ஒரு கள்ளக்கதவு வைத்திருக்கிறார்கள். அது திறந்ததும் புதிய போர் விமானங்கள் விளக்கணைந்து அப்படியே மிதக்கின்றன. பழைய கேலக்டிகா தப்பிக்கிறது.

இதைக் கதைக்காகச் செய்த ஜோடனை என்று தள்ளிவிட முடியாது. இணைப்பில் இருக்கும் கணினியில், வருகிற தகவலை வாங்கிப் படிக்க ஏதாவது ஒரு நிரல் காத்திருந்தாக வேண்டும். ஆபத்து அந்தப் படிக்கும் வேலையில்தான் இருக்கிறது. ஒரு பெயருக்கு 64 எழுத்து இடம் ஒதுக்கிவிட்டு, வருவது எத்தனை எழுத்து என்று பார்க்க மறந்த நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். 200 எழுத்து வந்தால் மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழியும். அடுத்து எந்தக் கட்டளைக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு அங்கே இருந்தால், அனுப்பியவர் அதன்மேல் தனக்கு வேண்டிய முகவரியை எழுதிவிடலாம். தகவலாக உள்ளே வந்தது, கட்டளையாக ஓடத் தொடங்கும்.

சரி, வருகிற தகவலைச் சோதித்து வடிகட்டும் ஃபயர்வாலை நடுவே வைத்தால்? அதுவும் ஒரு நிரல்தான், அதுவும் படித்துத்தான் ஆக வேண்டும். இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் இதை அழகாகக் காட்டுகிறார்கள். பெரிய கணக்கு ஒன்றைப் போடுவதற்காக கேட்டா என்ற அதிகாரி கணினிகளை இணைத்து, ஃபயர்வால்களை அடுக்குகிறார். சைலான்கள் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த அடுக்குகளால் அவருக்குக் கிடைப்பது கொஞ்சம் நேரம், அவ்வளவுதான்.

அடாமாவின் வழிக்கு நிஜ உலகில் ஏர் கேப் என்று பெயர். முக்கியமான கணினிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே கம்பியும் இல்லை, வைஃபையும் இல்லை, வெறும் காற்றுதான். ஆனால் தனித்து நிற்கும் கணினிக்கும் புதிய கோப்புகள் வேண்டியிருக்கின்றன. அவற்றை யாரோ ஒருவர் கையில்தான் எடுத்துப் போகிறார்.

2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ் அந்தக் கையைத்தான் பயன்படுத்திக்கொண்டது. குறி, ஈரானின் நதான்ஸ் அணு ஆலையில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்கள். பென் டிரைவைச் செருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தாலே போதும். எந்தக் கோப்பையும் இயக்க வேண்டியதில்லை. ஐகானைத் திரையில் காட்டுவதற்காக விண்டோஸ் குறுக்குவழிக் கோப்பைப் படிக்கும்போதே வைரஸ் ஓடிவிடும். இங்கேயும் பிழை அதே படிக்கும் வேலையில்தான்!

உள்ளே போனதும் அது இயந்திரங்களின் சுழற்சியை மாற்றியது. வழக்கமாக 1064 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1064 சுற்று. அதை 1410 வரை ஏற்றி, பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கியது. இதற்கு முந்தைய வடிவமோ வால்வுகளை மூடி அழுத்தத்தை ஏற்றுவதற்காக எழுதப்பட்டது. அதில் இருந்த ஒரு வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் திகிலாக இருக்கிறது. தாக்குதலுக்கு முன்பு, எல்லாம் ஒழுங்காக இருந்த 21 விநாடி அளவீடுகளை அது பதிவுசெய்துகொள்ளும். பிறகு அழுத்தம் ஏற ஏற, கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு அந்த 21 விநாடிகளையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.