ஏற்றத்தில் மூச்சு வாங்கும் டூ ஸ்ட்ரோக்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போகிற வீதியோரம் ஒரு சின்ன கராஜ். ஒரு மழை நாளில் நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, தோட்டத்துப் பையன் ஒருவன் பழைய ஜப்பான் 200 சிசி டேர்ட் பைக் ஒன்றை, பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுகிற டூ ஸ்ட்ரோக் வண்டியை, தள்ளிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, முறுக்கிப் பிடிச்சா பறக்குது. ஆனா மெதுவாப் போறப்ப உசிரே இல்ல. மலை ரோட்டுல ரெண்டாவது கியர்ல அப்படியே அமுங்குது."

அங்கிருந்த எல்லோரிடமும் மருந்து இருந்தது. பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டை மாத்து என்றார் ஒருவர். சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணணும் என்றார் இன்னொருவர். மலைக் காத்து அப்படித்தான் என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். கராஜ் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன வருசம் இதே ரோட்டுல நல்லா ஏறிச்சா?"

"ஏறிச்சு அண்ணே."

"அப்ப மலையக் குத்தம் சொல்லாத. அது நேத்து வளரல."

மலைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். காற்று மெலிகிறது, ஆனால் காற்றையும் பெற்றோலையும் கலக்கிற காபரேட்டருக்கு அது தெரியாது. பெற்றோலை அந்த அளவுக்குக் குறைக்காமல் விடுவதால் கலவை தடித்துப்போகிறது. கொழும்பில் சரி பார்த்த வண்டி மேலே வந்ததும் பிளக் கறுத்து நனைந்து, பொத்துப் பொத்தென்று அடிப்பது அதனால்தான். கீழ் வேகத்துக்குப் பெற்றோல் விடும் பைலட் ஜெட்டை ஒரு அளவு குறைத்து, காற்றளவைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அக்ஸலேட்டரின் முதல் கால் பங்கை ஆள்வது இந்த இரண்டும்தான். மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கும்போதும் மலை ஆளை ஏமாற்றும். கொழும்பில் 150 பிஎஸ்ஐ காட்டுகிற அதே எஞ்சின் நுவரெலியாவில் சுமார் 120 தான் காட்டும். உள்ளே போகிற காற்றே குறைவு என்பதால் வருகிற வித்தியாசம் அது. இதைப் பார்த்துவிட்டு நல்ல சிலிண்டரைப் போர் பண்ணக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, மலை குற்றவாளி இல்லையென்றால் வேறு யார்? டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைதான் காற்றுப் பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த அறை கலவையை உறிஞ்சும். கீழே இறங்கும்போது அதை அமுக்கிப் பக்க வழிகளால் சிலிண்டருக்குள் தள்ளும். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஒரு சுற்று முடிய 7.5 மில்லி செக்கன்தான் ஆகும். 2,500 சுற்றில் 24 மில்லி செக்கன். எங்காவது ஒரு மெல்லிய கசிவு இருந்தால், வேகமாக ஓடும்போது அதன் வழியே காற்று போக நேரம் கிடைக்காது. மெதுவாக ஓடும்போது தாராளமாகக் கிடைக்கும். அதனால்தான் பழைய டூ ஸ்ட்ரோக்கின் நோயெல்லாம் முதலில் கீழ் வேகத்தில் தலைகாட்டுகிறது.

அண்ணன் முதலில் பார்த்தது ரீட் வால்வை. மெல்லிய இதழ்கள், கலவையை உள்ளே மட்டும் விட்டுத் திரும்ப விடாமல் தடுப்பவை. கழற்றி மின்குமிழுக்கு நேரே பிடித்தார். இதழின் ஓரத்தில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தாலோ, மூலை உடைந்திருந்தாலோ, மெதுவாக ஓடும்போது கலவை காபரேட்டர் பக்கமே திரும்பித் துப்பும். ஏர் ஃபில்டர் பெற்றோலில் நனைந்திருப்பது அதற்கு இன்னொரு அடையாளம். இங்கே இரண்டும் இல்லை.

அடுத்தது கிராங்க் சீல், கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம். கிளச் பக்கத்துச் சீல் போனால் எஞ்சின் கியர் ஒயிலைக் குடித்து வெள்ளைப் புகை விடும், கியர் பெட்டியில் ஒயில் குறையும். மற்றப் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். அக்ஸலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே இறங்காமல் இரைந்துகொண்டிருக்கும். சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் ஓட்டம் சீராகும். இந்த இரண்டாவது ஆபத்தானது. மெலிந்த கலவையில் சூடேறி பிஸ்டன் இறுகிவிடும்.

சந்தேகத்துக்கு இடம் வைக்காத சோதனை ஒன்று உண்டு. காபரேட்டர் பொருந்தும் வாயையும் சைலன்சர் பொருந்தும் வாயையும் அடைத்துவிட்டு, உள்ளே சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சில நிமிடம் முள் நிற்கிறதா என்று பார்ப்பது. இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று தேடலாம். அண்ணனிடம் இதற்கென்று கருவி கிடையாது. இரத்த அழுத்தம் பார்க்கிற பழைய கருவி ஒன்றின் ரப்பர் பம்பையும் மானியையும் வைத்திருக்கிறார். அதில் 300 வரை ஏற்றினால் ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. "நல்லாத்தான் இருக்கு, பிரஷர் இல்ல" என்றார். முள் அசையவில்லை.

மிச்சம் இருந்தது வெளியேறும் பக்கம். டூ ஸ்ட்ரோக்கின் வயிறு புடைத்த சைலன்சர் சும்மா அழகுக்கு இல்லை. புகையோடு கிளம்பும் அழுத்த அலை அதன் கடைசிக் கூம்பில் மோதித் திரும்பி, புகையோடு தப்பப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. 8,000 சுற்றில் புகைவாசல், அதாவது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துவாரம், திறந்திருக்கும் நேரம் சுமார் 4 மில்லி செக்கன், அலையும் சரியாக அப்போது வந்து சேரும். 2,500 சுற்றில் வாசல் 12 மில்லி செக்கனுக்கு மேல் திறந்தே கிடக்கும். அலை சீக்கிரமே வந்து திரும்பிவிடும், கலவை பாட்டுக்கு வெளியே போய்விடும்.

இதைச் சமாளிக்கத்தான் 1980களில் வந்த பல பைக்குகளில் பவர் வால்வு வைத்தார்கள். யமஹா அதை வைபிவிஎஸ் என்றது, கவாசாகி கிப்ஸ் என்றது. கீழ் வேகத்தில் அது புகைவாசலின் கூரையைத் தாழ்த்துகிறது, வேகம் கூடக் கூட உயர்த்துகிறது. திறந்தபடி இறுகிவிட்டால் மேல் வேகம் பறக்கும், கீழே உயிர் இருக்காது. பையன் சொன்னதும் அதுதானே.

பக்க மூடியைத் திறந்து வால்வின் தண்டைக் குறட்டால் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, தேத்தண்ணி ஆறும்வரை விட்டு மெதுவாகத் தட்டியபோது வெளியே வந்தது. கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி கரி. பித்தளைத் தூரிகையால் தேய்த்ததும் அடியில் உலோகம் பளிச்சென்று வந்தது.

"ஒயில் எவ்வளவு ஊத்துற?"

பையன் தயங்கினான். "கணக்குக்கு மேல ஒரு மூடி அண்ணே. எஞ்சினுக்கு நல்லதுன்னு..."

கூடுதல் ஒயில் எரிந்து முடியாமல் கரியாகிறது. அதோடு பெற்றோலின் பங்கும் அந்த அளவுக்குக் குறைகிறது என்று அண்ணன் விளக்கிக்கொண்டே புதுக் காஸ்கட் போட்டு மூடினார். ஒயிலைக் குறைத்துவிடாதே, போத்தலில் போட்டிருக்கிற கணக்குக்கு ஊற்று என்றும் இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம் பையன் கராஜுக்குப் பின்னால் இருக்கும் தேயிலை ரோட்டில் இரண்டாவது கியரில் ஏறிப் பார்த்தான். வளைவு வரை சத்தம் சீராகப் போனது. ஜெட்டை மாத்தச் சொன்னவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் ஜெட்ட ஒருக்கா பாத்திருக்கலாம்" என்றார்.